ஆரோன் ஒப்புக்கொடுத்த வலி

தலையில் முடி நட்டுக்கொண்டால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று எவனோ ஒரு புண்ணியவான் இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்தான். அவன் மட்டும் குருசுக்குப்பம் பக்கம் வந்து மாட்டியிருந்தால் ஆரோன் அவனை அலேக்காகத் தூக்கிக் கடலில் போட்டிருப்பான். எறும்பாம், எறும்பு! எந்த ஊர் எறும்பு இப்படிக் கடிக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நூறடி ரோட்டில் ஒரு கிளினிக்கில் குப்புறப் படுத்தவன், எழுந்தபோது சாயங்காலம் ஆறு. பின்மண்டையிலிருந்து இரண்டாயிரத்து அறுநூறு மயிர்க்கால்களைத் தோண்டி எடுத்து, முன்மண்டையில் நாற்று நடுவதுபோல் ஒவ்வொன்றாக நட்டிருந்தார்கள். மருந்தின் மதமதப்பு இருந்தவரை ராஜாதான். வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது பாட்டுகூட முணுமுணுத்தான். ராத்திரி மருந்து இறங்கியதும் பின்மண்டையை யாரோ இடுக்கியால் பிடித்து முறுக்குவது போலிருந்தது. பத்து நாளைக்குத் தலையைத் தொடக்கூடாது. குனியக்கூடாது. மல்லாந்து படுக்கக்கூடாது, கழுத்தில் காற்றுத் தலையணையை மாட்டிக்கொண்டு சாய்ந்த மேனிக்குத்தான் தூங்க வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை உப்புத்தண்ணீரைத் தலையில் பீய்ச்ச வேண்டும். இவ்வளவும் செய்தால் முடி எப்போது வரும் என்று கேட்டதற்கு டாக்டர் சிரித்துக்கொண்டே, "பத்து மாசம் பொறுங்க" என்றுவிட்டார்.

முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை, கையும் காலும் நன்றாக இருப்பவன், இந்த வம்பை எதற்கு விலைக்கு வாங்கினான் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேரு வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், அதே கண்ணாடியில், டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரோனின் மண்டை பளபளக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. எவனுக்குத்தான் வெறுப்பு வராது?

ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பக்கத்து வீட்டில் குடியிருந்தது. பெயர் மெரின். கருவடிக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். அவள் ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது என்று அந்தப் பக்கமெல்லாம் பேச்சு. அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே, சர்க்கரை வியாதியே இல்லாத ஆரோன் ஒரே வருஷத்தில் நாலு தடவை போய் சர்க்கரை பார்த்துவிட்டு வந்தான். "எப்பங்க குத்துவீங்க?" என்று கேட்டால், "முடிஞ்சே போச்சு, பஞ்ச அமுத்திப் புடிங்க" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் உயிர் வாழ்வான். அவளிடம் மனசைத் திறந்து கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் போனான். போகும்போதெல்லாம் கை தானாக மேலே போய் மண்டையைத் தடவும். தடவியதும் தைரியம் போய்விடும். சரி, முடி வரட்டும், வந்ததும் கேட்டுவிடலாம் என்று முடிவு கட்டினான். அதனால்தான் இத்தனையும்.

செவ்வாய் ராத்திரி அவள் வருவதற்குள் இவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டதால், அக்கா ரோசாவுக்கு விஷயம் புதன்கிழமை காலையில்தான் தெரியும். அப்பா அம்மா போனபின் அந்த வீட்டில் அக்காவும் தம்பியும்தான். ரோசா கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். தெருமுனையில் பால் பூத் நடத்துகிறாள். மரியாயின் சேனை என்கிற கோயில் செபக்குழுவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். தம்பியின் தலையைப் பார்த்ததும் பால் பாக்கெட்டைக் கீழே போட்டாள்.

"அடப் பாவி! தலையில எத்தன மயிர் இருக்குதுன்னு ஆண்டவர் எண்ணி வெச்சிருக்காருடா. நீ எடுத்து இடம் மாத்தி வெச்சிட்டு வந்து நிக்கிறியே, அவரு இன்னொரு வாட்டி முதல்லேருந்து எண்ணணுமா?"

"கத்தாதக்கா, தலைக்குள்ள இடிக்குது. அந்த மாத்திரையக் கொஞ்சம் எடு."

ரோசா மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். கொடுக்கவில்லை. முகத்தில் திடீரென்று ஒரு யோசனை ஓடியது. பத்துப் பன்னிரண்டு வயசில் ஆரோனுக்குப் பல்வலி வந்தாலும் சரி, முட்டி பெயர்ந்தாலும் சரி, அவள் சொல்வது ஒன்றுதான்: வலியை வீணாக்காதே, யாருக்காகவாவது ஒப்புக்கொடு. படுகிற வலியை ஆண்டவர் கையில் கொடுத்து, இதை இன்னாருடைய தேவைக்காக எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிக்கொள்வது. வேதக்கார வீடுகளில், கிறிஸ்தவர்களுக்குள், இது வழக்கம்தான்.

"எவ்ளோ வலிக்குது?" என்று கேட்டாள்.

"செத்துடலாம் போலக் கீது."

"அவ்ளோ வலிய மாத்திரை போட்டு அழிக்கலாமாடா? ராத்திரிக்கு ஒண்ணு போட்டுக்க. பகல் வலிய ஒப்புக்கொடு."

"நானே அழகுக்குன்னு போய்ப் பண்ணிக்கினு வந்த வலிக்கா இது. இதெல்லாம் கணக்குல வருமா?"

அது ரோசாவுக்கும் சந்தேகம்தான். பொல்லாத பெண்பிள்ளை, சந்தேகத்தோடு சும்மா இருப்பாளா? அன்றைக்கே மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "எந்த வழியா வந்தா என்னம்மா, வலி வலிதான். தாராளமா ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்க" என்றாராம். அவ்வளவுதான், ரோசா மாத்திரை அட்டையை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

முதல் வலி பால் பூத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது. மூன்று வாரமாக மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஆரோன் புதன் மதியம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பின்மண்டை வலியை அக்கா ஃபிரிட்ஜுக்காக ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்லி இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு மெக்கானிக் தானாகவே ஸ்பேர் பார்ட்டோடு வந்து நின்றான்!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நீங்களும் நானும் சொல்லலாம். ரோசாவிடம் சொல்லிப் பாருங்கள் பார்க்கலாம். வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குப் பால் வாங்க வந்த அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. முதலில் வந்தவர் ஆட்டோக்காரர் பாவாடை. அவர் வேதக்காரர் இல்லை, மாசிமகத்துக்குச் சாமி தூக்குகிற ஆள். அதனால் என்ன?

"எனக்கும் ஒண்ணு போட்டு வுடு தம்பி" என்றார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "வண்டிக்கு எஃப்.சி. ரெண்டு வாட்டி தள்ளிப் போச்சு. இன்னிக்கு மூணாவது வாட்டி. பதினோரு மணிக்குக் காட்டறேன். அந்த நேரமாப் பாத்து நல்லா வலிக்கிற மாதிரி வெச்சுக்க."

"வலி இன்னா குழாத்தண்ணியாண்ணே, தொறந்து வுட?"

"மாத்திரை கீத்திரை போட்டுடாத, அது போதும்."

பதினொன்றே காலுக்கு பாவாடை போன் பண்ணி, "பாஸு! பாஸு!" என்று கத்தியதில் ஆரோனுக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது. அதையும் வீணாக்க வேண்டாமென்று ரோசா வேறொருவர் பேரைச் சொன்னாள்.

அந்த வேறொருவர் பக்கத்து வீட்டு சகாயநாதன், மெரினுடைய அப்பா. கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்தவர். பெண்டாட்டி செத்தபின் ஒரே மகளை வளர்த்து ஆளாக்கியவர். எஜமான் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாலும் அவர் விட்டுப்போன பிரெஞ்சு வார்த்தைகள் சகாயநாதன் வாயிலேயே தங்கிவிட்டன. அவருடைய குறை வெளியில் சொல்ல முடியாத குறை. ஐந்து நாளாகக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருகிறார், ஒரு பயனும் இல்லை. ஜன்னலோரம் வந்து காதோடு சொன்னார். வருங்கால மாமனாராக வேண்டும் என்று ஒருவன் ஏங்குகிற மனிதர், அவனிடம் வந்து கேட்கிற முதல் உதவியா இது? ஆரோன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொடுத்தான். மத்தியானம் மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப்புறமிருந்து, "மோன் தியே! மெர்சி, மெர்சி!" என்று பிரெஞ்சில் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஆனந்தக் கூச்சல் கேட்டது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தெருவே வந்து நின்றது. வலி அவனுடையது, வேண்டுதல் ஊருடையது. நாலு மணிக்குப் பள்ளிக்கூட அட்மிஷனுக்கு, ஆறு மணிக்குக் காணாமல் போன ஆட்டுக்கு, ராத்திரி யாரோ ஒருவருடைய குறட்டை நிற்பதற்கு. ஆடு கிடைத்தது! குறட்டை நிற்கவில்லை, ஆனால் மறுநாளே குறட்டை விடுகிறவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்துவிட்டது. அதையும் ரோசா வெற்றியில்தான் சேர்த்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வலி இருக்குதில்ல? கொறஞ்சிடலையே?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். உலகத்தில் வேறெந்த நோயாளிக்கும் இப்படி ஒரு சுற்றம் அமைந்திருக்காது.

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் கூத்தில் ஆரோனுக்கு வலி தாங்கத்தான் முடிந்தது. சும்மா கிடந்து வலித்தபோது ஒரு மணி நேரம் ஒரு நாளாக இருந்தது. பாவாடையின் ஆட்டோவுக்காக வலித்தபோது கூடவே ஒரு குதூகலமும் வந்தது. வலி விண்ணென்று தெறிக்கும்போதெல்லாம், ஆங், இப்போது பிரேக் பார்க்கிறான், இப்போது ஹெட்லைட் பார்க்கிறான் என்று நினைத்து அவனே சிரித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் நெற்றி வீங்க ஆரம்பித்தது. வீங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்தான். இப்படி பன் மாதிரி உப்பும் என்று சொல்லவில்லை. தலையிலோ மொட்டை அடித்த தோல்மேல் கேழ்வரகைத் தூவினாற்போல் ரத்தப் பொறுக்குகள். அந்தக் கோலத்தில் கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தவன் காதில், வாசலில் ஒரு குரல் விழுந்தது.

"ரோசாக்கா, இருக்கீங்களா?"

மெரின்! எழுந்த வேகத்தில் காற்றுத் தலையணை கழன்று உருண்டது. ஓடிப்போய் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். தம்பி தலைக்கு என்ன ஆயிற்று என்று தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிவது வேறு, பார்ப்பது வேறு இல்லையா?

ரோசா பூத்தில் இருந்தாள். மெரின் கூடத்துக்கு வந்து, குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஆரோன், நீங்க வெளிய வர வேணாம். நான் சொல்லிட்டுப் போயிடறேன்." அவள் குரல் என்றைக்கும் இல்லாமல் மெலிந்திருந்தது. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. பாரிஸ் மாப்ள. அப்பாவுக்குக் கால் தரையில பாவல. அந்த விஷயமா மனசுல எனக்கு ஒரு கருத்து இருக்குது. அதுக்காக உங்க வலிய ஒப்புக்கொடுப்பீங்களா? ஞாயித்துக்கெழம வரைக்கும்?"

கருத்து என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கக்கூடாது. கோயிலில் செபம் கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். மனசில் இருப்பது கேட்கிறவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஆரோனும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பெண் பார்க்க வருகிறார்கள், பாரிஸ் மாப்பிள்ளை, நல்லபடியாக முடிய வேண்டும். வேறென்ன கருத்து இருக்கப் போகிறது?

"சரிங்க" என்றான் கதவிடம்.

"இன்னும் வலிக்குதுல்ல?"

"ரொம்ப வலிக்குதுங்க."

"தேங்க்ஸ்" என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்புறம் குளியலறைக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஆரோன் அழுதான். யாருக்காக இரண்டாயிரத்து அறுநூறு குத்து வாங்கினானோ, அவளை இன்னொருவன் கட்டிக்கொண்டு போவதற்கு அவனே வலிக்க வேண்டுமாம்! இதுவரை ஒப்புக்கொடுத்ததெல்லாம் பலித்திருக்கிறது. ஃபிரிட்ஜ், ஆட்டோ, ஆடு, கிழவர் வயிறு வரைக்கும். இதுவும் பலித்துத் தொலைத்துவிட்டால்? நல்லவனாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொடுக்க வேண்டும். அரைமணி நேரம் நல்லவனாக இருந்தும் பார்த்தான். முடியவில்லை. எழுந்து வெளியே வந்து வீடு முழுக்க மாத்திரையைத் தேட ஆரம்பித்தான்.

அடுப்படியில் இல்லை, பீரோவில் இல்லை, அரிசி டப்பாவிலும் இல்லை. கடைசியில் பார்த்தால் சுவரில் அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதருக்குப் பின்னாலேயே ஒளித்து வைத்தால் கிடைக்காமல் என்ன செய்யும்? இரண்டை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். முக்கால் மணி நேரத்தில் வலி மாயமாய்ப் போனது. வலி இல்லை என்றால் ஒப்புக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஒப்புக்கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் பாரிஸ் மாப்பிள்ளையும் இல்லை. சனிக்கிழமையும் நேரம் தவறாமல் போட்டான், ஞாயிற்றுக்கிழமை மதியமும் போட்டான். ரோசா கேட்டபோதெல்லாம் முகத்தைச் சுளித்து, "அய்யோ, உயிர் போவுதுக்கா" என்றான். இவ்வளவு பெரிய திருட்டுத்தனத்தை அவன் வாழ்க்கையில் செய்ததில்லை. மனசு கிடந்து அரித்தது; கூடவே மண்டையும் அரித்தது, மாத்திரையால் அரிப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. அரித்தால் சொறியக்கூடாது. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஆடு மாதிரிக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் கண்ணுக்கு இறங்கிவிட்டது. ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டது, இன்னொன்றில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. நாலு மணி இருக்கும். பின்பக்கம் காற்று வாங்க உட்கார்ந்திருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேலே மதில். அந்தப் பக்கமிருந்து கட்லெட் பொரிக்கிற வாசனை வந்தது. பட்டுப்புடவை சரசரத்தது.

"ஆரோன்?" என்றது மதில். "இருக்கீங்களா? இன்னும் வலிக்குதுல்ல? ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க. இப்பதான் முக்கியம். விட்டுடாதீங்க."

அவள் குரலில் இருந்த தவிப்பைக் கேட்டதும் இவனுக்குத் திருட்டுத்தனம் தாங்கவில்லை. கொட்டிவிட்டான்.

"மன்னிச்சிடுங்க மெரின். எனக்கு வலியே இல்ல. வெள்ளிக்கெழமலேருந்து மாத்திரை போட்டுக்கினு இருக்கேன்."

"இன்னாது?"

"உங்களுக்குக் கல்யாணம் முடியறதுக்கு என்னால வலிக்க முடியலங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் வெடித்தது. "அடப் பாவி மனுஷா! முடியணும்னு யாரு கேட்டா? இந்த எடம் தட்டிப் போவணும்னு இல்ல கேட்டேன்! மூணு வாட்டி வேணாம்னு சொல்லிட்டேன், அப்பா காதுலயே போட்டுக்கல. உங்க வலி ஒண்ணத்தான் நம்பிக்கினு இருந்தேன். ஆட்டுக்கெல்லாம் வலிச்சீங்களே! எனக்கு வலிக்கக்கூடாதா?" அவள் அழுதுகொண்டே உள்ளே போவது கேட்டது.

ஆரோன் இருந்த இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினான். தட்டிப் போகணுமா? தட்டிப் போகணும் என்றா கேட்டாள்? சந்தோஷத்தில் ஒரு துள்ளுத் துள்ளி, துள்ளக்கூடாது என்பது நினைவுக்கு வந்து அப்படியே நின்றான். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு நாள் வலியை முழுசாகத் தின்று தீர்த்துவிட்டானே! உள்ளே ஓடினான். "அக்கா! எனக்கு உடனே வலிக்கணும்!"

பூத்தை மூடிவிட்டு அப்போதுதான் வந்திருந்த ரோசா, தம்பிக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்றே நினைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில்தான். பின்மண்டையைச் சுவரில் அழுத்திப் பார்த்தான்; மரத்துப்போய் ஒன்றுமே தெரியவில்லை. "கிள்ளு" என்று கையை நீட்டினான். ரோசா கிள்ளினாள். அது கையில் வலித்ததே தவிர, ஒரு கல்யாணத்தை நிறுத்துகிற அளவுக்கு வலிக்கவில்லை. வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பாவாடை கூச்சல் கேட்டு உள்ளே வந்து, "நான் வேணா ஒண்ணு வுடட்டுமா தம்பி?" என்று சட்டைக் கையை மடித்தார். அவர் ஒன்று விட்டால் இரண்டாயிரத்து அறுநூறும் கொட்டிப்போகும்.

அதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. சகாயநாதன், "போன்சூர்! வாங்க, வாங்க!" என்று வரவேற்பது கேட்டது.

ஆரோன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். ஒரு கண் இல்லை. நெற்றி புடைத்துப் பளபளக்கிறது. தலை முழுக்கப் பொறுக்கு. இந்த முகத்தை அவள் பார்க்கப் போகிறாள் என்று நினைத்த மாத்திரத்தில் நெஞ்சுக்குள் சுரீரென்று ஒன்று குத்தியது. அந்தக் குத்துக்கு மாத்திரை கிடையாது. சரி, இருக்கிற வலி இதுதான், இதையே கொடுப்போம் என்று முடிவு செய்தான். துண்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்கடா போற இந்தக் கோலத்துல?" என்று ரோசா கத்தினாள்.

"ஒப்புக்கொடுக்கப் போறேன்க்கா."

சகாயநாதன் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சோபாவில் இருந்தார்கள். மாப்பிள்ளை ஜெஸ்வின் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தான். மெரின் காபித் தட்டோடு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். ஆரோன் உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "யேசுவே!" என்று அலறி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னாடா இது மூஞ்சி?" என்றார் சகாயநாதன்.

ஆரோன் மெரினைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவான். மூச்சு விடாமல் சொன்னான்: "மாமா, மன்னிச்சிடுங்க. மெரின் என்னாண்ட ஒரு உதவி கேட்டாங்க. நான் ஏமாத்திட்டேன். மாத்திரை போட்டுட்டேன். ஏன்னா இவங்க வேற எடத்துக்குப் போறத என்னால தாங்க முடியல. இந்த முடியே இவங்களுக்காகத்தான் நட்டுக்கினேன். வளந்தப்புறம் வந்து கேக்கலாம்னு இருந்தேன். இப்ப தலை இப்படிக் கீது, மூஞ்சி அப்படிக் கீது, இருந்தாலும் கேட்டுடறேன். உங்க பொண்ண எனக்குக் குடுப்பீங்களா?"

மாப்பிள்ளை ஜெஸ்வின் மெதுவாக எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து ஆரோன் இரண்டு கையாலும் தலையைத் தொடாமல் மறைத்துக்கொண்டான். ஜெஸ்வின் கிட்டே வந்து, குனிந்து, பொறுக்குகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தான்.

"எத்தன கிராஃப்ட் ப்ரோ?"

"ரெண்டாயிரத்து அறுநூறு."

"சூப்பரா நட்டிருக்காங்களே!" என்று தொப்பியைக் கழற்றினான். அடேயப்பா, நெற்றி உச்சந்தலையையும் தாண்டிப் போயிருந்தது. "பாரிஸ்ல ரொம்பக் காசு கேக்கறாங்க ப்ரோ. நான் லீவுல வந்ததே இதுக்குத்தான். புதன்கெழம புக் பண்ணியிருக்கேன். ரொம்ப வலிக்குமா?"

"டேய் ஜெஸ்வின்! தொப்பியப் போடுடா! நிச்சயம் முடியறவரைக்கும் கழட்டமாட்டேன்னு சொன்னியேடா!" என்று அவன் அம்மா எழுந்தே விட்டாள். அவன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாவாடை அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து ரோசாவும் சிரித்தாள். சகாயநாதனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாரிஸ் அவர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது, பாவம். இரண்டு வாரமாகக் கேட்காத கேள்வியை வேறு வழியில்லாமல் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

மெரின் காபித் தட்டை மேசைமேல் வைத்தாள். ஆரோனுக்கு முன்னால் வந்து நின்று, ரத்தம் எடுக்கும்போது நரம்பைத் தேடுவாளே, அதே கவனத்தோடு அவன் முகத்தையும் தலையையும் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"முடி வளர்றதுக்குப் பத்து மாசம் ஆவுமாம்ப்பா" என்றாள். "அது ஒண்ணொண்ணா மொளைக்கறத நான் தெனமும் கிட்ட இருந்து பாக்கணும். பாரிஸ்ல இருந்து எப்படிப்பா பாக்கறது?"

சகாயநாதன் பெருமூச்சு விட்டு, ஜெஸ்வினுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து ஆரோனுக்குப் போட்டார். "நின்னுகினே இருக்கியேடா, உக்காரு. ஆளுக்கொரு கட்லெட் சாப்பிடுங்க, ஆறிப் போவுது."

ஆரோன் உட்கார்ந்தான். மத்தியானம் போட்ட மாத்திரை அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் நெற்றி இழுத்து, பின்மண்டை வரைக்கும் விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியை அவன் யாருக்கும் ஒப்புக்கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தான்.